பதினொரு மில்லியாம்ப்

மூன்றாவது பேட்டரி.
சுண்டுவிரலில் பாதி நீளம், நாற்பது ரூபாய்.
இரண்டு மாதம் உறுதி என்றான் சூரியநெல்லி கடைக்காரன்.
நாலே நாள்.

கொழுக்குமலை ஏற்றத்தில் செத்தது.
மழைச்சேறு, விடியாத நேரம்,
பின்னால் கோயம்புத்தூர்த் தம்பதி,
உதயம் பார்க்க வந்தவர்கள்.
கயிற்றை மரத்தில் மாட்டிவிட்டு
ரிமோட்டை அமுக்குகிறேன், அமுக்குகிறேன்,
வின்ச் ஊமைச்சாமி.
வயர் கன்ட்ரோலை எலி கடித்து ஒரு வருஷம்.
சூரியன் எங்களைக் கேட்காமல் வந்துவிட்டது.
வாடகையில் ஐநூறு குறைத்தார்கள். நியாயம்தான்.

கம்பெனி மாற்றிப் பார்த்தேன்.
ஸ்பிரிங்கில் துரு, உப்புத்தாள் போட்டேன்.
டேஷ்போர்டு பெட்டிக்குள் ஷேக்கில் ஒன்று
அதன்மேல் உட்கார்ந்து அமுக்குகிறதோ என்று
ஷேக்கிலைச் சீட்டுக்கடியில் தள்ளினேன்.
அடுத்த பேட்டரி ஐந்து நாள்.
ஒரு நாள் லாபம்.

கடைசியில் ரெஜினா.
செல்போன் ரிப்பேர் மேசையில்
நாலு திருகாணி கழற்றி, புது பேட்டரி போட்டு,
நடுவில் மீட்டரைக் கோத்தாள்.
அன்றைக்கும் பகல் முழுக்க மூடுபனி.
யாரும் தொடவில்லை. முள்ளில்லாத மீட்டர் சொன்னது:
பதினொன்று.
"இது தூங்கவே இல்லண்ணா," என்றாள்,
"யார்கிட்டயோ பேசிக்கிட்டே இருக்கு."

'இன்' பொத்தானின் ரப்பரில் மயிரிழை விரிசல்.
அடியில் ஈரம், தூசி, பச்சை பூத்த செம்பு.
வெயிலில் காய்ந்தால் யோக்கியன்.
ராத்திரி பனி இறங்கினால்
பனியே விரல்.

சரி, யாரிடம் பேசியது?
என் வின்ச்சுக்கு மெயின் சுவிட்ச் உண்டு,
நிறுத்தாமல் நான் இறங்கியதில்லை.
ஸ்டாண்டில் எனக்குப் பின்னால் எல்தோஸின் வண்டி.
மூன்று வாரமாக அவனுக்குக் காலையில் ஸ்டார்ட் இல்லை.
டைனமோவைத் திட்டினான், மெக்கானிக்கைத் திட்டினான்,
ஆறாயிரத்து இருநூறுக்குப் புது பேட்டரி வைத்தான்.
ராத்திரி வண்டி தானாக உறுமுகிறது,
நாய் குரைக்கிறது என்றான்.
பன்றி என்றோம். சிரித்தோம்.
அவன் மனைவி பள்ளியிலிருந்து
ஒரு குப்பி ஹன்னான் வெள்ளம் கொண்டுவந்து
டேஷ்போர்டில் வைத்தாள்.

அடிமாலியில் ஒரே கடை, ஒரே நாள்,
இரண்டு ரிமோட் சேர்த்து எடுத்தால்
இருநூறு குறைப்பான் என்று பேரம் பேசியதும் நான்தான்.
கோடு மாற்றச் சொல்லும் தாள்
சீன எழுத்தில் இருந்தது.
பொட்டலத்தோடு எறிந்தோம்.

சாயங்காலம் ஸ்டாண்டுக்குப் போனேன்.
எல்தோஸ் பம்பர் முன்னால் குந்தியிருந்தான்,
கையுறை இல்லை,
தளர்ந்த கயிற்றை டிரம்மில் வரிவரியாகத்
தள்ளிக்கொண்டிருந்தான்.
என் சட்டைப்பையில் ரிமோட்.
பேட்டரி வேறு பையில்தான். ரெஜினா பிரித்தே கொடுத்தாள்.
ஆனாலும் நின்றுவிட்டேன்.
அவன் விரல்களை எண்ணினேன்.

"எந்தாடா?" என்றான் நிமிராமல்.

சொன்னேன். புரிய அவனுக்கு ஒரு பீடி நேரம் ஆனது.
கையை டிரம்மிலிருந்து மெதுவாக எடுத்து
வேட்டியில் துடைத்து
அதையே கொஞ்ச நேரம் பார்த்தான்.
பிறகு கேட்டான்:
"அப்போ எண்ட ஆறாயிரத்து இருநூறு?"

இரண்டாயிரம் கொடுத்தேன். மிச்சம் சீசன் முடிந்து.
ரப்பருக்குச் சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டினேன்.
பத்து விநாடி அமுக்கிப் பிடித்து
விளக்கு சிமிட்டும்வரை இருவரும் பேசாமல் நின்று
கோடு மாற்றினோம், முதலில் அவனுடையது.
குப்பியை எடுத்துவிடலாமே என்றேன்.
இருக்கட்டும் என்றான்.

அன்றிரவு எந்த வண்டியும் உறுமவில்லை.
இரண்டு மணிக்கு நாய் மட்டும் எழுந்து வந்து
எல்தோஸின் பம்பரைப் பார்த்து
பழக்கத்துக்குக் குரைத்தது.